பதினெட்டு வருஷக் கிணிங்

1

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. நல்ல பிள்ளையாக நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். வயிறு முட்டச் சோப்புத் தண்ணீரும் என் மகளின் பதினோரு சட்டைகளும் உள்ளே கிடக்க, தடதடவென்று ஆடி, தரையில் இரண்டடி நடந்து, துணி காயப்போடும் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. அடுப்பில் தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தோசையும் போச்சு.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்து இருபத்தொரு வருஷம். மெஷின் வந்தது என் மகள் கயல் பிறந்த வருஷம். அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. குழந்தைத் துணி துவைக்கவென்று வாங்கியது, அவள் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போகும் சட்டைகளோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. அடுத்த வியாழக்கிழமை அவளுக்குச் சபாவுக்கு விமானம். இதே மலேசியாதான், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம்.

என் வீட்டுக்காரர் மணியம் இந்த ஊரிலேயே பிறந்தவர். பாலத்தைத் தாண்டி ஜுருவில் ஒரு வயர் தொழிற்சாலையில் வேலை. பேச்சு அளந்துதான் வரும், இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா'வோடு. அன்றைக்கு மட்டும் தாராளமாக வந்தது.

"இத போயி ரிப்பேர் பண்ணுவாங்களா லா? கடையில பழச எடுத்துக்கிட்டு இருநூறு ரிங்கிட் கொறைச்சித் தரான். சனிக்கிழமை லோரியில புதுசக் கொண்டாந்து வெச்சிட்டு இதத் தூக்கிட்டுப் போயிடுவான். முடிஞ்சிச்சி."

"அம்மா, பிளீஸ் லா," என்றாள் கயல், சட்டைகளைப் பிழிந்துகொண்டே. "அதுக்கு வயசாயிடுச்சி. லெட் இட் கோ."

"ஒரு ஆள் வந்து பார்க்காம என் மெஷின் வாசல் தாண்டாது," என்றேன் நான்.

என் குரலைக் கேட்டு இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்த மாடானாலும் கயிற்றை விடமாட்டாள் இவள் என்று நினைத்திருப்பார்கள். என் சிக்கனம் இந்த மாடி முழுக்கத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்கு நான் பிடித்த பிடிவாதத்துக்கும் சிக்கனத்துக்கும் சம்பந்தமே இல்லை.

2

கயலுக்கு ஒன்றரை வயதில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ரத்தத்தில் ஏதோ ஒன்றின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். மலாயில் சொன்னது எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

ஊரில் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். பணப்பையின் மூலையில் கோவில்பட்டியிலிருந்து கூடவே வந்த ஒரு ரூபாய்க் காசு கிடந்தது. கைக்குட்டையைக் கிழித்து, வார்டில் எனக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் மஞ்சள் பொடி கேட்டு வாங்கி நனைத்து, காசை அதில் முடிந்தேன். "ஐயனாரே, பிள்ளையை எந்திரிக்க வையி. அவளை உன் வாசலுக்குக் கூட்டிட்டு வாரேன். அவ கையாலயே இந்தக் காசை உன் உண்டியல்ல போட வைக்கேன்." சொல்லிவிட்டு முடிச்சைப் பிள்ளையின் தலையணை உறைக்குள் செருகினேன்.

எழுந்துவிட்டாள். ஆறாம் நாள் பிஸ்கட் கேட்டு அழுதாள். அந்த அழுகைபோல ஒரு சங்கீதத்தை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரித் துணி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக மெஷினில் போட்டேன். காயப்போடும்போது தலையணை உறையில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. முடிச்சு இல்லை. உள்ளே கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் மெஷினைப் போட்டபோது அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிணிங். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், கிணிங்.

அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் அந்தச் சத்தத்தோடுதான் குடித்தனம். துவைத்து முடிந்து கடைசியாக ஒரு கிணிங் கேட்டால் துணி எடுக்கலாம் என்று அர்த்தம். கயல் நடக்கப் பழகியபோதே அந்தச் சத்தத்துக்கு வாளியை இழுத்துக்கொண்டு வருவாள்.

திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். திறக்கச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். இவரோ சாமி விஷயத்தில் கேலிக்காரர். தைப்பூசத்துக்கு இங்கே முருகன் இருக்கும் தண்ணீர்மலை ஏறினாலும் "எக்சசைஸுக்கு வந்தேன்" என்பார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. திறந்து பார்த்து, உள்ளே காசு இல்லையென்றால்? சத்தம் கேட்கிறவரை காசு பத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நடுவில் மூன்று தடவை ஊருக்குப் போனோம். ஐயனார் கோவிலுக்குக் கிளம்பும் காலையில் மூன்று தடவையும் "எனக்குத் தூரம்" என்று பொய் சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்ன காசு இல்லாமல் கையை வீசிக்கொண்டு போய் அவர் மீசைக்கு எதிரே எப்படி நிற்பது? கயல் சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்தபோதும், பரீட்சைக்கு முதல் நாள் அம்மை போட்டபோதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மீசைதான்.

இப்போது அவளைக் கடல் தாண்டி அனுப்பப் போகிறேன். நேர்ந்த காசு மெஷின் வயிற்றில். மெஷின் சனிக்கிழமை லோரியில். எனக்குச் சோறு இறங்குமா?

3

மெஷினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வாங்கியபோது மோட்டாருக்குப் பத்து வருஷ உத்தரவாதம் கொடுத்தார்கள். எனக்கு இந்த நாட்டில் ஒவ்வொரு வருஷமாகத்தான் விசா முத்திரை குத்தினார்கள். வருஷா வருஷம் இவர் அரை நாள் லீவு போட்டு, கல்யாணப் பத்திரத்தோடு என்னைக் கவுண்டருக்குக் கூட்டிப்போய், "இன்னும் என் மனைவிதான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷம் கியூவில் நிற்கும்போது கேட்டேன், "என்னைவிட உங்க மெஷினுக்கு மதிப்பு ஜாஸ்தி போல?" அவர் யோசித்துவிட்டு, "மெஷின் இவ்ளோ சத்தம் போடாது," என்றார். நிரந்தர வசிப்பு அட்டை கைக்கு வந்தபோது மெஷினின் உத்தரவாதம் முடிந்து வெகு காலம் ஆகியிருந்தது.

கயலுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. இது அவள் ஊர். என்னிடம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள், கோபம் வந்தால் மலாய். டிசம்பரில் கோவில்பட்டிக்குப் போவோமா என்று கேட்டதற்கு, "அங்க போயி நான் என்னம்மா செய்யறது? எல்லாரும் என் தமிழக் கேட்டுச் சிரிக்கறாங்க," என்றாள். அன்றைக்கு ராத்திரிக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவள் சொன்னது உண்மை என்பதால்தான் வலி. சிரித்தவர்களில் என் தம்பியும் ஒருவன்.

4

வெள்ளிக்கிழமை காலை மெஷின் பார்க்க ஆள் வந்தது. எதிர்பார்த்தது ஒரு ஆண். வந்தது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண்மணி. ஒடிசலான உடம்பு, முழங்காலுக்கு உறை, தோளில் தகரப் பெட்டி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, நேரே பின்னால் போய்விட்டார்.

நான் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்திருந்த இவரிடம் திரும்பி, நல்ல தமிழில், நல்ல சத்தமாகச் சொன்னேன்: "ஏங்க, ஒல்லிக்குச்சி மாதிரி இருக்கு இந்தம்மா. மெஷினைத் தூக்குமா, மெஷின் இதைத் தூக்குமா? பாருங்க, நம்மள நல்லா மொட்டையடிச்சிட்டுத்தான் போகப்போகுது."

பின்னாலிருந்து குரல் வந்தது.

"மொட்டையெல்லாம் வேண்டுதல் இருந்தா அடிச்சிக்கலாம்மா. மொதல்ல பைப்ப மூடுங்க."

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். கயல் அறையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மாவுக்கு நல்லா வேணும்!"

லின் என்று பேர் சொன்னார். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தாராம். "தோட்டத்துல எங்களது ஒரே சீனக் குடும்பம். பத்து வயசு வரைக்கும் நான் வெளையாடுனது, சண்டை போட்டது, திட்டு வாங்குனது எல்லாம் தமிழ்லதான். நீங்க ஊருங்களா, இந்தியாவா? பேச்சு வேற மாதிரி இருக்கு."

என் பேச்சுத்தான் வேற மாதிரியாம். தமிழை இங்கே மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள் நான்தான் என்ற நினைப்பு இருபத்தொரு வருஷமாக எனக்கு. அந்த அம்மா ஸ்குரூ டிரைவரைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, "பெல்ட் அறுந்துபோச்சி, தண்ணி போற வழியும் அடைச்சிருக்கு" என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மன்னிப்புக் கேட்கவும் மறந்துவிட்டது.

"இந்த மிசின் பதினஞ்சி வருசத்துக்கு மேல இருக்கும். ஒரு தடவைகூட அடித்தட்டக் கழட்டலியே? இப்ப வர்றதெல்லாம் ஏழெட்டு வருசம் ஓடுனா பெரிசு. இத விட்டுடாதீங்க," என்றார் லின்.

துணியைச் சுழற்றும் அந்த அடித்தட்டின் நடுவில் ஒரே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றத் தொடங்கியதும் என் நெஞ்சு மெஷினைவிட மோசமாக அடித்தது. இவரைப் பார்த்தேன். சிரிப்பு எங்கோ போயிருந்தது. "நான் கீழ போயி தே தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்றார்.

மெஷின் ஓடும்போதெல்லாம் இவர் இப்படித்தான். தலைவலிக்கிறது என்று கீழே போய்விடுவார். இப்போது மெஷின் ஓடக்கூட இல்லையே?

"நில்லுங்க," என்றேன்.

தட்டு மேலே வந்தது. அடியில் கறுப்புச் சேறு. லின் அக்கா விரலை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். கொண்டை ஊசி, பள்ளிச் சட்டைப் பொத்தான், குழந்தைச் சாக்ஸ் ஒன்று. பிறகு வட்டமாக ஏதோ ஒன்று. துணியில் துடைத்ததும் கிணிங் என்று தரையில் வைத்தார்.

அந்தச் சத்தம். அதே சத்தம்.

குனிந்து எடுத்தேன். என் காசு இல்லை. மலேசிய ஐம்பது காசு. அதைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக, நான்கு முடிச்சுப் போட்டு, ஒரு மஞ்சள் வயர்.

5

மஞ்சள் வயர் எங்கள் வீட்டில் யார் பையில் இருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க இது?"

தரையில் கிடந்த கொண்டை ஊசியை எடுத்துத் திரும்ப அங்கேயே வைத்தார்.

"உங்களத்தான் கேக்கேன்."

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சில்ல," என்றார். "மூணாவது நாளு. நீ உள்ள இருந்த. நான் படிக்கட்டுல உக்காந்திருந்தேன். தண்ணீர்மலையான்கிட்ட கேட்டுக்கிட்டேன். பாப்பா எழுந்திட்டா தூக்கிட்டு வந்து போடறேன்னு. மஞ்சத் துணிக்கு எங்க போறது? டூல் பேக்ல மஞ்ச வயர்தான் இருந்திச்சி. சுத்தி, சட்டப் பையில வெச்சிக்கிட்டேன். நீ மொத்தமா அள்ளி மிசின்ல போட்டுட்ட."

"ஏன் சொல்லல?"

"எப்படி லா சொல்றது? உன்னையே அவ்ளோ கிண்டல் பண்ணிட்டு." வயர் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். "மலைக்குப் போறப்பெல்லாம் உண்டியல் பக்கம் போகாம சுத்திப் போவேன். இந்தச் சத்தம் கேட்டா வீட்ல இருக்க முடியாது எனக்கு. புதுசு வாங்கலாம்னா நீ விட மாட்டேங்கற."

அதே மூன்றாம் நாள். ஒரே ஆஸ்பத்திரி. உள்ளே நான், வெளியே அவர். ஒரே மூட்டையில் இரண்டு நேர்ச்சையையும் போட்டுச் சோப்புத்தூளும் போட்டவள் நான். பதினெட்டு வருஷம் ஒரே சத்தத்தைக் கேட்டு, இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பயந்துகொண்டு கிடந்திருக்கிறோம். இந்த மனுஷனோடுதான் இத்தனை வருஷம் வாழ்ந்தேனா என்று இருந்தது.

நானும் சொல்லிவிட்டேன். தலையணை உறை, ஐயனார், தூரம் என்று சொன்ன பொய், எல்லாம். சமையலறை வாசலில் கயல் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"அப்ப ஒன்னோடது எங்க?" என்றார் இவர்.

"இங்க இல்லியே."

லின் அக்கா அதுவரை சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து, குழாயில் முழங்கை வரை கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நேந்துக்கிட்ட காசுன்னா கழுவாத கையால தொட்டிருக்கக் கூடாது. தோட்டத்துல பாத்திருக்கேன். தெரியாம எடுத்துட்டேன்," என்றார். பிறகு மெஷினைக் காட்டினார். "டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. அங்க போயிருக்கலாம். ஆனா டிரம்மையே வெளிய இழுக்கணும். நட்டு துருப்பிடிச்சிக் கெடக்கு. அரை நாள் வேலை. இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் வாயைத் திறக்குமுன் இவர் சொன்னார், "கழட்டுங்கக்கா."

சனிக்கிழமை லோரி வருகிறது என்று குதித்தவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். இவர் தொட்டியைப் பிடிக்க, அந்த அம்மா சுத்தியலால் நட்டைத் தட்ட, எண்ணெய் விட, மறுபடி தட்ட, நான் விளக்குப் பிடிக்க, மத்தியானமாகிவிட்டது. கயல் யாரும் கேட்காமலே எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். பதினொரு மணிக்கு மேல் அவள் போனைத் தொடவே இல்லை. அதுவே ஒரு அதிசயம்.

டிரம் வெளியே வந்தது. அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு அப்பியிருந்தது. லின் அக்கா பழைய பிரஷ்ஷை எடுத்துக் கயலிடம் நீட்டினார். "நீ தேய்ம்மா. ஒனக்கு நேந்ததுதான?"

கயல் தேய்த்தாள். வட்டமாக ஒரு மேடு தெரிந்தது. நகத்தால் நெம்பினாள். வரவில்லை. மறுபடியும் நெம்பினாள். உள்ளங்கையில் விழுந்தது.

என் ஒரு ரூபாய். துணி கரைந்து போயிருந்தது. காசின் ஒரு பக்கத்தில் நூல் தடம் மட்டும் இருந்தது.

பதினெட்டு வருஷமும் சத்தம் போட்டது இவர் காசு. வாயே திறக்காமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது என் காசு. வெளியே எங்கள் வீட்டில் எல்லாம் நேர்மாறு. நான் சிரித்தேன் என்று நினைத்தேன், பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன்.

"இது ஃபுல்லா எனக்காகவா?" என்றாள் கயல். "ரெண்டு பேரும் சொல்லவே இல்லியே. இவ்ளோ வருசமா?" அதற்கு மேல் அவளுக்கு எந்த மொழியும் வரவில்லை. காசை மூடிய கையோடு அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

6

புதுப் பெல்ட் போட்டு மெஷினை ஓட்டிப் பார்த்தோம். பூனை மாதிரி ஓடியது. முடிந்து வெகு நேரமாகியும் யாரும் துணி எடுக்கப் போகவில்லை, சத்தம் வரவில்லையே. சனிக்கிழமை வந்த லோரிக்காரரை இவர்தான் கீழே போய் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் தண்ணீர்மலை ஏறினோம். பாதி வழியில் இவர் நின்று, "தூக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்," என்று முணுமுணுத்தார். "அப்பா, எனக்கு இப்ப பத்தொன்பது வயசு!" என்று கயல் கத்தினாள். கடைசி மூன்று படிக்கு மட்டும் தூக்கினார். சுற்றி இருந்தவர்கள் கால் பிசகிவிட்டதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். உண்டியலில் காசு விழுந்த சத்தத்துக்கு இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் ரூபாயைக் கயல் திருப்பித் தரவில்லை. "என் கையாலதான போடணும்? அப்ப என்கிட்டயே இருக்கட்டும். மொத செமஸ்டர் லீவுல கூட்டிட்டுப் போ. சிரிக்கறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்," என்றாள். வீட்டில் மஞ்சள் துணி தேடினேன். அதற்குள் இவர் டூல் பேக்கிலிருந்து புது மஞ்சள் வயரை எடுத்து, நான்கு முடிச்சுப் போட்டுச் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். பினாங்கு விமான நிலையத்தில் பையைச் சோதித்த மலாய் அம்மா, வயர் சுற்றிய காசை எடுத்து இது என்ன என்று கேட்டாராம். "நியாட்டுன்னு சொன்னேன்," என்றாள். மனசில் எண்ணி நேர்ந்துகொண்டதை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். "எங்கம்மாவோட நியாட்டுன்னு சொன்னேன். அவங்க ஒன்னுமே கேக்கலம்மா. ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்து, பத்திரமா வெச்சிக்கோன்னாங்க."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மா, கேக்குதா? இங்க ஹாஸ்டல்ல துணி துவைக்கற மிசினு காசு போட்டாத்தான் ஓடுமாம்."

"ஏட்டி! அந்தக் காசை மட்டும் போட்டுராத!" என்று நான் போட்ட சத்தத்தில் இவர் முன்னறையிலிருந்து ஓடிவந்தார்.

அவள் சிரித்தாள். "போட மாட்டேன்மா. அது நான் திரும்பி வர்றதுக்கு வெச்சிருக்கற காசு."